தங்கத்துக்குக் காவல் கூலி

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நியூ ஜெர்சியில் இருக்கும் என் மைத்துனர் மகன் போன் செய்தான். அங்கே அப்போது சனிக்கிழமை இரவு. நலம் விசாரித்த பிறகு, "மாமா, நீங்க ட்ரெஷரியில இருந்தவுக. எனக்கு ஒரு கணக்கு புரியல" என்று ஒரு தாளை வாட்ஸ்அப்பில் அனுப்பினான். ஓய்வுக்காலச் சேமிப்பில் ஒரு பகுதியைத் தங்கக் காசாக மாற்றி வைத்திருக்கிறானாம். சுமார் இருபதாயிரம் டாலர் மதிப்பு. அந்தக் காசுகள் அவன் கையில் இல்லை, வீட்டிலும் இல்லை. எங்கோ ஒரு காப்பகத்தில் இருக்கின்றன. அதற்காக வருடத்துக்குக் கணக்குப் பராமரிப்பு 80 டாலர், காப்பகக் கட்டணம் 150 டாலர் பிடித்திருந்தார்கள்.

"என் தங்கத்துக்கு நான் எதுக்கு மாமா வாடகை குடுக்கணும்?" என்றான்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். ப்ரெவே முடித்து, அம்மா ஊரான சின்னமனூருக்கு வந்து, எஸ்.எஸ்.எல்.சி.யைத் தனியாக எழுதி, பிறகு சர்வீஸ் கமிஷன் தேர்வில் தேறிக் கருவூலத்தில் சேர்ந்தேன். அந்தப் பையன் கேட்டதும் பள்ளியில் படித்த ஒரு சொல் நினைவுக்கு வந்தது: 'த்ருவா த கார்த்'. பாதுகாத்து வைப்பதற்கான கட்டணம் என்று பொருள். பிரெஞ்சு வங்கிகள் இன்றும் இந்தப் பெயரில்தான் வசூலிக்கின்றன. தமிழில் இதற்கு ஒரு சொல் தேடினேன். தேட வேண்டியதே இல்லை, நம் மதுரைச் சீமையில் நூற்றாண்டுகளாகப் புழங்கிய சொல் இருக்கிறது. காவல் கூலி.

முதலில் அவன் கணக்கை முடித்துவிடுகிறேன். 230 டாலர் என்பது இருபதாயிரத்தில் 1.15 சதவீதம். கேட்பதற்குச் சின்னத் தொகை. ஆனால் தங்கம் வட்டி தராது, குட்டி போடாது. கூலியைக் கையிலிருந்து கட்ட வேண்டும், இல்லையென்றால் காசிலேயே கொஞ்சம் விற்றுக் கட்ட வேண்டும். விலை ஏறாமலே இருந்தால் இருபது வருடத்தில் 4,600 டாலர், அதாவது நாலில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு, காவலுக்கே போயிருக்கும். விலை ஏறினால் அவனுக்கு லாபம், ஏனென்றால் அவனுடையது நிலையான கட்டணம். சில இடங்களில் மதிப்பில் இத்தனை சதவீதம் என்று வாங்குகிறார்களாம். அங்கே தங்கம் ஏற ஏறக் கூலியும் கூடவே ஏறும். சின்னச் சேமிப்புக்காரனுக்கு நிலையான கட்டணம் பாரம், பெரிய சேமிப்புக்காரனுக்குச் சதவீதம் பாரம்.

இன்னொன்றும் கேட்டான். தனியே பிரித்து வைத்தால் 150, மற்றவர்கள் காசோடு கலந்து வைத்தால் 100 என்று போட்டிருக்கிறதே, என்ன வித்தியாசம் என்று. "உங்க தாத்தா நெல்லைக் கமிஷன் மண்டியில வச்ச மாதிரிதான்டா" என்றேன். மூட்டையில் அடையாளம் போட்டு வைத்தால் அதே மூட்டை திரும்பி வரும். குவியலில் கொட்டினால் அதே ரகம், அதே எடை வரும், அதே நெல் வராது. தங்கக் காசில் ஒன்றுக்கொன்று பேதம் இல்லை என்றால் குவியல் போதும்.

வீட்டிலேயே வைத்துக்கொண்டால் என்ன என்பதும் நியாயமான கேள்விதான். அமெரிக்கச் சட்டம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. அங்கே பொதுமக்கள் தங்கக் கட்டியும் காசும் வைத்திருக்கக் கூடாது என்று 1933-ல் ரூஸ்வெல்ட் உத்தரவு போட்டார். அது முழுதாக நீங்கியது 1974 டிசம்பர் 31-ல். வரிச்சலுகை உள்ள ஓய்வூதியக் கணக்கில் அமெரிக்க அரசின் தங்கக் காசுகளை வைக்கலாம் என்று 1986 சட்டம் அனுமதித்தது. குறிப்பிட்ட சுத்தமுள்ள தங்கக் கட்டிகளுக்கு 1997-ல் வழி திறந்தது. ஆனால் ஒரு நிபந்தனை, அங்கீகரிக்கப்பட்ட காப்பாளர் வசம் இருக்க வேண்டும். ரோட் ஐலண்டு மாநிலத்தில் ஒரு தம்பதி ஒரு கம்பெனியைப் பதிவு செய்து, அதன் பெயரில் காசு வாங்கி வீட்டுப் பெட்டகத்தில் வைத்தார்கள். 2021 நவம்பரில் வரி நீதிமன்றம், காசு உங்கள் கைக்கு வந்துவிட்டது, ஆகவே ஓய்வூதியப் பணத்தை எடுத்ததாகத்தான் அர்த்தம், வரி கட்டுங்கள் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது.

ஆகவே அவனுக்கு வேறு வழியில்லை. நமக்குத்தான் வழிகள் பல. ஒவ்வொரு வழிக்கும் ஒரு கூலி உண்டு, அதில் சில கண்ணுக்குத் தெரியாது.

எங்கள் பள்ளத்தாக்கில் வயதான பெண்களின் ஓய்வூதியக் கணக்கு ஒரு காலத்தில் காதில்தான் தொங்கியது. தண்டட்டியைச் சொல்கிறேன். என் மாமியாரின் தாயார் போட்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். தோளைத் தொடும் காது, அதில் ஆடும் பொன். பார்க்கக் கனமாக இருக்கும், உள்ளே அரக்குதான் பாதி. கணவன் போய், மகன்கள் தனிக்குடித்தனம் போன பிறகும் அந்தக் காதுக்கு வீட்டில் ஒரு மரியாதை இருந்தது. கஞ்சி ஊற்றுகிற மருமகளுக்குத்தான் அது போகும் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தக் கஞ்சிதான் கூலி என்று சொன்னால் தப்பில்லை. மீதித் தங்கம் குலுக்கைக்குள் நெல்லோடு நெல்லாகக் கிடக்கும், அல்லது அடுப்படியில் குழி தோண்டிச் செம்பில் போட்டுப் புதைப்பார்கள். புதைத்தவர் யாரிடமும் சொல்லாமல் கண்ணை மூடிவிட்டால் மொத்தமும் கூலியாகப் போய்விடும்.

1895 அக்டோபரில் பெரியாறு அணைத் தண்ணீர் இந்தப் பக்கம் திரும்பியது. இரண்டு போகம் வந்தது, மேலே மலையில் ஏலத்தோட்டங்கள் வந்தன, கையில் காசு புரண்டது. காசு புரண்டால் நம் ஜனம் வாங்குவது இரண்டே பொருள், நிலம், நகை. நிலத்தை யாரும் தூக்கிக்கொண்டு போக முடியாது. நகைக்கும் மாட்டுக்கும்தான் காவல் வேண்டும்.

காவல் என்பது இங்கே வெறும் வினைச்சொல் இல்லை. பாண்டியர், சோழர் கல்வெட்டுகளிலேயே 'பாடிகாவல்' என்ற வரி இருக்கிறது. நாயக்கர் காலத்திலும் அதற்குப் பிறகும் மதுரைச் சீமையில் ஊருக்கு ஊர் காவல்காரர் இருந்தார். விளைச்சலில் ஒரு பங்கு அவருக்கு. 1906-ல் வந்த ஃபிரான்சிஸ் துரையின் மதுரை கெசட்டியரில் இதைப் பற்றி விரிவாக இருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகு அதை நிதானமாகப் படித்தேன். அதில் என்னைக் கவர்ந்தது ஒரே விஷயம். காவல் கூலி வாங்குகிறவருக்குப் பொறுப்பும் உண்டு. களவு போனால் கண்டுபிடித்துத் தர வேண்டும், முடியவில்லை என்றால் ஈடு கட்ட வேண்டும்.

கம்பெனி ஆட்சி காவல் உரிமையை ரத்து செய்து போலீசைக் கொண்டுவந்தது. கிராமங்களில் பழக்கம் மட்டும் போகவில்லை. மேலே பொறுப்பு கேட்க ஆள் இல்லாமல் போனதும் அது கெடவும் செய்தது. போன மாடு திரும்பி வர 'துப்புக் கூலி' என்று தனியாக ஒன்று வந்தது. 1896-ல் திண்டுக்கல் பக்கத்துக் குடியானவர்கள் 'பண்டு' என்று பணம் திரட்டி, இனிக் காவல் கூலி தரமாட்டோம் என்று கிளம்பினார்கள். அது பெரிய மோதலில் போய் நின்றது. அதன் பிறகு வெள்ளைக்கார அரசு ஒரு சமூகத்தையே குற்றப் பரம்பரை என்று எழுதிவைத்ததும், 1920 ஏப்ரலில் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடத்தியதும் தனிக் கதை. அதை வேறொரு நாள் எழுத வேண்டும். இங்கே எனக்கு வேண்டியது அந்தப் பழைய ஒப்பந்தம்தான். கூலி வாங்கினால் ஈடு கட்ட வேண்டும்.

என் உத்தியோகமும் ஒருவகையில் காவல்தான். சார்நிலைக் கருவூலத்தில் இரட்டைப் பூட்டு அறை உண்டு. ஒரு சாவி அலுவலரிடம், இன்னொரு சாவி ஷராப்பிடம். இருவரும் சேர்ந்து நின்றால்தான் கதவு திறக்கும், வெளியே துப்பாக்கியோடு போலீஸ்காரர் நிற்பார். முத்திரைத்தாள் கட்டுகளோடு மற்ற இலாகாக்கள் கொண்டுவந்து வைக்கும் அரக்கு முத்திரையிட்ட பெட்டிகளும் உள்ளே இருக்கும். பெட்டிக்குள் வைரம் இருக்கிறதா, வாழைக்காய் இருக்கிறதா என்று எங்களுக்குத் தெரியாது. முத்திரை உடையாமல் இருக்கிறதா என்பதுதான் எங்கள் கவலை. வாங்கியதற்கு ரசீது, பதிவேட்டில் ஒரு வரி, அவ்வளவுதான். அப்போது தெரியவில்லை, வங்கி லாக்கரின் தத்துவமும் இதேதான் என்று.

தனியாரின் தங்கத்தைப் பொறுத்தவரை, அரசாங்கத்துக்கு அதைக் காப்பதைவிடக் கறப்பதில்தான் அக்கறை இருந்தது. சீனப் போரை ஒட்டி 1962-ல் தங்கப் பத்திரம் வந்தது, ஆறரை சதவீத வட்டி. தங்கத்தை எடுத்துக்கொண்டது உலக விலைக்கு, உள்ளூர்ச் சந்தை விலை அதைவிட மிக அதிகம். யார் கொடுப்பார்கள்? 1963 ஜனவரியில் மொரார்ஜி தேசாய் 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக் கூடாது என்றார். எனக்கு அப்போது பன்னிரண்டு, பதிமூன்று வயது. எங்கள் தெருப் பத்தர் உலையை மூடிவிட்டு மிட்டாய்க் கடை போட்டது நினைவிருக்கிறது. நாடு முழுக்க எத்தனையோ பொற்கொல்லர் குடும்பங்கள் நொடித்துப் போயின, தற்கொலைகளும் நடந்தன. பிறகு காரட் கட்டுப்பாடு போனது, 1968-ல் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் நிலைத்தது. தனியாள் கட்டி வைத்திருக்கக் கூடாது, நகை மட்டும் வைத்திருக்கலாம். 1990-ல்தான் அது ரத்தானது. நம் வீடுகளில் சேமிப்பெல்லாம் கழுத்தணியாகவும் வளையலாகவும் இருப்பதற்குப் பெண்களின் ஆசை மட்டும் காரணம் இல்லை. இந்த 22 வருடச் சட்டமும் ஒரு காரணம்.

புதுச்சேரி வகுப்பறையில் எங்கள் ஆசிரியர் இன்னொரு கதை சொல்வார். 1952-ல் பிரான்சின் பிரதமர் அந்துவான் பினே ஒரு கடன் பத்திரம் வெளியிட்டார். மூன்றரை சதவீத வட்டி, திருப்பித் தரும் தொகை 'நப்போலெயோன்' தங்கக் காசின் விலையோடு சேர்ந்து ஏறும், வாரிசு வரியும் கிடையாது. மெத்தைக்கு அடியில் இருந்த தங்கத்தை வெளியே கொண்டுவர அவர் செய்த தந்திரம் அது. 2015 நவம்பரில் நம் அரசு தங்கப் பத்திரம் அறிவித்தபோது எனக்குப் பினேதான் நினைவுக்கு வந்தார். கிராம் 2,684 ரூபாய், 2.75 சதவீத வட்டி, எட்டு வருடம். காவல் கூலி என்ற பேச்சே இல்லை, காக்கத் தங்கமே இல்லையே! முதல் வெளியீட்டில் பத்து கிராமுக்கு எழுதினேன். "இதைக் கழுத்துல போட முடியுமா?" என்று கேட்டார் என் மனைவி. 2023 நவம்பரில் கிராமுக்கு 6,132 ரூபாய் வந்தது. அவர் அப்போதும் அதே கேள்வியைத்தான் கேட்டார். 2024 பிப்ரவரிக்குப் பிறகு புதிய வெளியீடு இல்லை, அரசுக்கே கட்டுப்படியாகவில்லை போலும்.

இனி எங்கள் வீட்டுக் கதை.

என் மனைவிக்கு அவர் அம்மா போட்ட பன்னிரண்டு பவுன். பவுன் என்பது ஆங்கிலேயரின் சாவரின் காசு, 7.98 கிராம். நாம் அதை எட்டாக்கிக் கொண்டோம். 2017-ல் மகள் பிரசவத்துக்காக ஏழு மாதம் புதுச்சேரியில் தங்க வேண்டி வந்தது. பூட்டிய வீட்டில் நகையை வைக்க முடியாது, லாக்கர் கேட்டால் காலி இல்லை. அப்போது ஊரில் எல்லோரும் செய்வதை நானும் செய்தேன். ஒரு வங்கியில் பன்னிரண்டு பவுனையும் அடகு வைத்து, வெறும் இருபதாயிரம் ரூபாய் கடன் வாங்கினேன். பணம் தேவையில்லை, பெட்டகம்தான் தேவை. பாரீசில் அடகுக் கடைக்கு 'மா தாந்த்' என்று செல்லப் பெயர், 'என் அத்தை' என்று அர்த்தம். லூயி பிலிப் ராஜாவின் மகன் கடிகாரத்தை அடகு வைத்துவிட்டு, அத்தை வீட்டில் மறந்துவிட்டேன் என்று சமாளித்ததாகக் கதை. நானும் அத்தை வீட்டில் விட்டுவிட்டுத்தான் போனேன்.

கணக்குப் பாருங்கள். இருபதாயிரத்துக்கு ஒன்பது சதவீதம், வருடத்துக்கு 1,800 ரூபாய். லாக்கர் வாடகை 1,500 என்று வைத்துக்கொண்டால், 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 1,770. இரண்டு கூலியும் கிட்டத்தட்ட ஒன்று. அடகில் மதிப்பீட்டாளர் கூலி கொஞ்சம் கூடும், அந்த இருபதாயிரத்தை வங்கியிலேயே போட்டு வைத்தால் கொஞ்சம் வட்டி திரும்பும். ஆனால் பொறுப்பில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அடகில் நகையை எடை போட்டு, மாற்றுப் பார்த்து, எழுதிக் கையெழுத்துப் போட்டு வாங்குகிறார்கள். 1872 ஒப்பந்தச் சட்டப்படி தன் பொருளைப் போல அதைக் காக்கும் கடமை அவர்களுக்கு. லாக்கரில் உள்ளே என்ன என்றே அவர்களுக்குத் தெரியாது, எங்கள் அரக்குப் பெட்டியைப் போல.

அப்படியானால் அடகுதான் மேல் என்று முடிவு செய்யாதீர்கள். நான் பட்டது இதுதான். திரும்பி வந்த பிறகு, இருக்கட்டுமே என்று விட்டுவிட்டோம். ஒரு வருடத் தவணை முடிந்தது. இடையில் வாடகை வீட்டை மாற்றியிருந்தேன், போன் நம்பரும் மாறியிருந்தது. இரண்டையும் வங்கியில் சொல்லவில்லை. நோட்டீஸ் பழைய வீட்டுக்குப் போய்த் திரும்பியிருக்கிறது. ஒருநாள் காலை என்னோடு வேலை பார்த்த நண்பர் பேப்பரும் கையுமாக வந்தார். நகை ஏல அறிவிப்பில் என் பெயர். ஏலத்துக்கு இரண்டு நாள் இருந்தது. முப்பத்துநான்கு வருடம் பிறர் பெட்டிகளுக்குப் பதிவேடு எழுதியவன், சொந்தப் பெட்டிக்கு ஒரு தேதி குறித்து வைக்கவில்லை. பணத்தைக் கட்டி மீட்டுவிட்டேன். நகை மூழ்கவில்லை. ஆனால் மனைவி பத்து நாள் பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. ஏலம் போயிருந்தால் கடன் போக மீதிப் பணம் வந்திருக்கும் என்று சட்டம் பேசப் போனேன். "எங்கம்மா கழுத்துல கிடந்தது பணமா வருமா?" என்று கேட்டார். அந்தப் பத்து நாளில் அவர் பேசியது அது ஒன்றுதான்.

அதன் பிறகு லாக்கருக்கு எழுதிக்கொடுத்துக் காத்திருந்து வாங்கினோம். காத்திருந்ததில் ஒரு நன்மை. 1990-களில் கொல்கத்தாவில் வாடகை கட்டியும் லாக்கரை உடைத்துவிட்டார்கள். ஏழு நகையில் இரண்டுதான் திரும்பியது. அந்த வழக்கு கால் நூற்றாண்டு அலைந்து, 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. உள்ளே இருப்பது தெரியாது என்று வங்கி கையை விரிக்க முடியாது, ஆறு மாதத்தில் விதி செய்யுங்கள் என்று ரிசர்வ் வங்கிக்கு உத்தரவு. ஆகஸ்ட் மாதம் விதி வந்தது, 2022 ஜனவரியில் அமலானது. தீ, திருட்டு, கட்டடம் இடிதல், ஊழியர் மோசடி என்றால் ஆண்டு வாடகையைப் போல் நூறு மடங்கு வரை வங்கி பொறுப்பு. வெள்ளம், பூகம்பம் போன்றவற்றுக்குப் பொறுப்பு இல்லை. மூன்று வருடம் வாடகை நின்றால் உடைக்கலாம். வாடகை கட்டிக்கொண்டே இருந்தாலும், ஏழு வருடம் திறக்காமல் கிடந்து ஆளையும் கண்டுபிடிக்க முடியாவிட்டால் திறக்கலாம்.

நூறு மடங்கு என்றால் பெரிதாகத் தெரிகிறது. 1,500 ரூபாய்க்கு ஒன்றரை லட்சம். இன்றைய விலையில் அதற்கு இரண்டு பவுன் கிடைத்தால் அதிர்ஷ்டம். உள்ளே இருப்பது பன்னிரண்டு. பழைய காவல்காரர் இதைக் கேட்டால் சிரிப்பார். ஆனாலும் எதுவுமே இல்லாத காலத்துக்கு இது மேல் என்றுதான் நான் கையெழுத்துப் போட்டேன். ஒப்பந்தத்தைக் கடைசி வரி வரை படித்துவிட்டுப் போட்டேன். கவுண்டரில் இருந்த பெண் கொட்டாவி விட்டார். மகள் பெயரை நியமனதாரராக எழுதினோம். ஒவ்வொரு நகையையும் படம் எடுத்து, எடை எழுதி, இரண்டு பிரதி வைத்திருக்கிறேன். ஒன்று என்னிடம், ஒன்று மகளிடம். வருடத்தில் தை, ஆடி என்று இரண்டு முறை போய்த் திறந்து பார்க்கிறோம், பதிவேட்டில் கையெழுத்து விழுவதற்காகவாவது. முகவரி, போன் நம்பர் இரண்டையும் ஒவ்வொரு முறையும் கேட்டு உறுதி செய்கிறேன். அவர்களுக்கு என்னைப் பார்த்தாலே அலுப்பு.

நியூ ஜெர்சிக்காரனிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. கலந்து வைத்தால் போதும், வருடத்துக்கு ஐம்பது டாலர் மிச்சம் என்றேன். காப்பகத்துக்குக் காப்பீடு யார் பெயரில், எவ்வளவுக்கு என்று எழுத்தில் கேட்டு வாங்கச் சொன்னேன். 75 வயதில் கட்டாயமாகக் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டி வரும், அன்றைக்கு விற்பதற்கும் ஒரு கட்டணம் இருக்கும், அதையும் இன்றே கேள் என்றேன். "நீங்க எல்லாம் எப்படி மாமா வச்சிருக்கீங்க?" என்று கேட்டான். லாக்கரில் என்றேன்.

அது முழு உண்மை இல்லை. பாட்டியின் தண்டட்டி லாக்கரில் இல்லை. பட்டியல் எழுதும்போது அதையும் கேட்டேன். "அது கணக்குல வராது" என்று சொல்லிவிட்டார் மனைவி. பாதிக்கு மேல் அரக்கு, ஆகவே யாரும் எங்கள் வீட்டுப் பக்கம் வந்து சிரமப்பட வேண்டாம். வீட்டில்தான் எங்கோ இருக்கிறது. எங்கே என்று எனக்கும் சொல்லவில்லை. மகளிடம் சொல்லியிருக்கிறாராம்.